வீட்டுக்குள் சேர்ந்த தூரம்

அந்த மலையூரில் கோல்ஃப் பந்து எவ்வளவு தூரம் குறைவாகப் போகிறதோ, அவ்வளவு தூரமும் அடித்தவரின் வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும். பந்து வளைந்து போனால் வீடும் அந்தப் பக்கமே வளையும். கிளப்பில் சேரும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சாண் கணக்கில்தான் சேரும். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால் தெரியாது. அடுத்த நாள் நன்றாக அடித்தால் சேர்ந்ததும் போய்விடும்.

ரத்தினசபாபதிக்கு அப்படிப் போகவில்லை. தேயிலைச் சாற்றை உறிஞ்சித் துப்பித் தரம் சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். மழைக்காலம் முடிந்து மைதானம் திறந்த அன்று அவருடைய பந்து நேராகத்தான் கிளம்பியது. உச்சிக்குப் போனதும் ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல வலப்பக்கம் திரும்பி, சில்வர் ஓக் மரங்களுக்குள் விழுந்தது. பாதி தூரம்கூடப் போகவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அவர் வீட்டில் அந்தத் தூரம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சேர்ந்தது. முதலில் ஒரு நடை. பிறகு காபி ஆறிப்போகும் அளவுக்கு ஒரு நடை. அவருடைய மனைவி சௌந்தரம் காபியைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுவர ஆரம்பித்தாள். புதிதாக வந்த சுவர்களிலும் பழைய சுவர்களின் அதே வெளிர்பச்சை இருந்தது. ஜன்னல்கள் இருந்தன, அவற்றின் வழியே தெரிந்த வீடுகள் அவர்கள் தெருவில் இல்லாதவை. தரைக்கற்களின் இடுக்கில் புல் முளைத்திருந்தது. அதை யாரோ ஒரே உயரத்துக்கு வெட்டியும் விட்டிருந்தார்கள்.

கிளப்பில் அவரோடு ஆடும் சோமையா ஒரு காபித் தோட்டத்துக்காரர். இனிமேல் உங்கள் கூடத்திலிருந்து சமையலறைக்கு மினி பஸ் விடலாம், நான் பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்றார். பிறகு, சிரித்ததை ஈடுகட்டுவதுபோல, ஒரு யோசனையும் சொன்னார். வலது பக்கம் போகிற பந்துக்கு வைத்தியம் சுலபம். இடது பக்கம் பார்த்து நின்றுகொண்டு அடிக்க வேண்டியது. பந்து வளைந்து வளைந்து நடுவில் வந்து விழும்.

ரத்தினசபாபதி ஒரு வாரம் இடது பக்கம் பார்த்து நின்று அடித்தார். பந்து முன்னைவிட அதிகமாக வளைந்தது, முன்னைவிடக் கிட்டத்தில் விழுந்தது. வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலான வழிநடையும் வேகமாக வலப்பக்கம் வளையத் தொடங்கியது. கூடத்தில் நின்று பார்த்தால் சமையலறை தெரியாது. சுவர் வளைந்து போவது மட்டும் தெரியும். சௌந்தரம் காலையில் பிளாஸ்கோடு கிளம்பினால் மதியம் வந்து சேர்ந்தாள். சாப்பாடு வைத்துவிட்டு உடனே திரும்பினால்தான் இரவுக்குச் சமைக்க முடியும். பிறகு சமையலறையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்தாள்.

ஒருநாள் அவர் கட்டிலில் படுத்திருந்தபோது தலைமாட்டுச் சுவருக்குள் தாளிக்கும் சத்தம் கேட்டது. வளைந்து போன வழி முழுவட்டம் அடித்து, சமையலறை அவருடைய படுக்கையறைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. நடுவில் ஒரு செங்கல் கனம்தான்.

"என்னங்க, கேக்குதா?" என்றாள் சௌந்தரம்.

"கேக்குது. எங்க இருக்க?"

"அடுப்புகிட்டதான். இன்னிக்கும் அந்தப் பக்கமே போச்சா?"

ஆமாம் என்றார்.

கரண்டியால் கிளறும் சத்தம் கேட்டது. பிறகு, கால் வீங்கியிருக்கிறது, இனி நடக்க முடியாது என்று சொன்னாள். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் வேறு ஒரு தெரு இருக்கிறதாம். அங்கே இருக்கும் பெண்கள் நல்லவர்களாம். காய் வாங்கித் தருகிறார்களாம். நீங்க இங்கேயே இருந்துக்கலாமே என்று நேற்றிலிருந்து கூப்பிடுகிறார்களாம்.

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரரு நல்லா அடிச்சிட்டா நான் போயிடுவேன்னு சொன்னேன். அவங்க இன்னும் ரெண்டு காய் எடுத்துப் போட்டாங்க."

கிளப்பின் முந்தைய செயலாளருக்கு மாடியறை இப்படித்தான் வேறு தெருவோடு போய்விட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தம்பியும் அதோடு போனார். ரத்தினசபாபதி எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பயிற்சியாளர் ரெஜினாவைப் பார்க்கப் போனார்.

வீச்சில் கோளாறு என்று யார் வந்தாலும் ரெஜினா மைதானத்துக்கு அழைத்துப் போவதில்லை. முதலில் வீட்டைப் பார்ப்பார். மைதானத்தில் யாராவது பார்த்தால் நன்றாக அடித்துவிடுவார்கள், வீட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பார். ரத்தினசபாபதியின் வழிநடைக்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டே போனார். ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதுவரைக்கும் மெதுவாத் திரும்புது. இங்கேருந்து அவசரமாத் திரும்புது. இடது பக்கம் பாத்து நிக்கச் சொன்னது யாரு?"

"சோமையா."

"அவரோட மாடிப்படி இப்ப எப்படி இருக்காம்?"

"தெரியலைங்க மேடம். மேல போன வேலைக்காரம்மா இன்னும் எறங்கி வரலை."

ரெஜினா தலையாட்டினார். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து மனிதன் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றால், மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்கே வெட்டும். வளைவு கூடத்தான் செய்யும் என்றார். பிடியைக் காட்டச் சொன்னார். ரத்தினசபாபதி வாசலில் கிடந்த குடையைப் பிடித்துக் காட்டினார். இடது கை மிகவும் கீழே திரும்பியிருந்தது. விரல்முட்டுகள் ஒன்றுகூட மேலே தெரியவில்லை. அப்படிப் பிடித்தால் பந்தில் படும்போது மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்துகொள்ளும். வளைவுக்குக் காரணம் இந்த இரண்டும்தான். தூரம் வேறு வியாதி, அதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அன்று மாலை பயிற்சித் திடலில் ரெஜினா அவருடைய கைகளைத் திருப்பிவைத்தார். பந்துக்கு வெளிப்பக்கம் அந்தக் குடையையே படுக்க வைத்து, மட்டை அதைத் தொடாமல் உள்ளிருந்து வரவேண்டும் என்றார். குடையின் கம்பிகள் எல்லாம் உடைந்த பிறகு பந்து நேராகப் போனது. கிட்டத்தில்தான் விழுந்தது, ஆனால் நேராக.

ரத்தினசபாபதி வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றார். வழிநடை நேராகிவிட்டிருந்தது. அதன் கோடியில் சமையலறை தெரிந்தது. அதற்குள் சௌந்தரம் தெரிந்தாள், கட்டைவிரல் உயரம். அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பினாள். கரண்டியைத் தூக்கி ஆட்டினாள். அவரும் கையைத் தூக்கினார். அவள் ஏதோ சொன்னாள். வாய் அசைவது தெரிந்தது, சொன்னது வரவில்லை. படுக்கையறைச் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

நேரானதில் இன்னொன்றும் நடந்திருந்தது. வட்டமாக இருந்தவரை வீடு ஊருக்குள்ளேயே இருந்தது. இப்போது சமையலறை எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டது. நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, நாளை மதியம் நடுவழியில் கதவு வைத்துவிடுவோம், அந்தப் பக்கம் இருப்பது தனி வீடு, அங்கே இருப்பவர் அந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கதவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் ரெஜினா வந்துவிட்டார். பனி இறங்கியிருந்ததால் கொடிக்கம்பம் தெரியவில்லை. ரத்தினசபாபதி அடித்தார். பந்து நேராகப் போய்ப் பனிக்குள் பொத்தென்று விழுந்தது.

"உடம்போட கனம் மொத்தமும் வலது கால்லயே நிக்குது," என்றார் ரெஜினா. "முன்னால வரமாட்டேங்குறீங்க. இன்னொண்ணு, பந்துல பட்ட உடனே மட்டையை நிறுத்திடறீங்க. ஏன்?"

"எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு."

"அதைப் பாக்கறது உங்க வேலை இல்ல."

அவர் அடித்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறி, பனி விலகி, கொடி தெரிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. கிளப் வாசலைக் கடந்து ஒரு வண்டி போயிற்று. அதன் மேல் மஞ்சள் வர்ணம் அடித்த கதவு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ரத்தினசபாபதி அதைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திராமலே மஞ்சள் என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு பந்துக்கு முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு வீசினார். இடுப்பு முதலில் திரும்பியது. கனம் இடது காலுக்கு வந்தது. கைகள் நிற்காமல் தோளுக்கு மேல் போய்ச் சுற்றிக்கொண்டன. பந்தில் பட்டது அவர் கைக்குத் தெரியவே இல்லை.

"போதும்," என்றார் ரெஜினா. "வீட்டுக்குப் போங்க."

வாசலில் நகராட்சிக்காரர்கள் கதவை மறுபடியும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வைக்க இடமில்லை சார் என்றார் ஒருவர். ரத்தினசபாபதி உள்ளே போனார். வழிநடை இல்லை. கூடம் முடிகிற இடத்தில் சமையலறை நிலைப்படி இருந்தது, பழையபடி. காபி மணம் வந்தது. அவர் நிலைப்படியைத் தாண்டினார்.

சௌந்தரம் அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் நின்றுகொண்டிருந்தாள். தூரம் போய்விட்டிருந்தது, தூரத்தில் தெரிந்த உயரம் அவளிடமே தங்கிவிட்டது. கட்டைவிரல் அளவுதான் இருந்தாள். புடவை மடிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கக் குனிந்தார்.

அவளும் அவரைப் பார்க்கக் குனிந்தாள்.

"நேத்து அங்கேருந்து பாத்தப்ப இருந்த மாதிரியே இருக்கீங்க," என்றாள். "கட்டைவிரல் அளவுதான் இருந்தீங்க. கால்ல பட்டுடப் போறீங்க, அப்படியே நில்லுங்க."

"நீ நில்லு. நான் தூக்கிக்கிறேன்."

அவர் முட்டி போட்டு உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தார். கொப்புளம் உடைந்த இடம் அவள் காலில் படாதபடி கையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார். எதிரே அவளும் முட்டி போட்டு உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"ஏறிக்கோங்க," என்றாள்.

"முதல்ல நீ ஏறு."

மேலே அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. இருவரும் கையை எடுக்கவில்லை.