வட்டம் சுற்றிய நேரம்

அவர் மனைவியால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் நிமிர்ந்து உட்கார முடியும். நோய் முதுகெலும்பு வரை போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த அரை மணியிலும் பன்னிரண்டு நிமிடத்தை வீட்டுக் கணினி விழுங்கிவிடும். பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே போட்டுவைத்தாலும், அணைக்காமல் விட்டாலும், கொஞ்ச நேரத்தில் உறைந்துபோய்க் கிடக்கும்.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்காக, அறிவியல் புத்தகத்துப் படங்களைச் சொற்களில் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பள்ளிக் கணினி அவர்களுக்கு வாசித்துக் காட்டும்; பிள்ளைகளுக்கு அவள் டீச்சரம்மா. மொத்தம் ஐம்பது படம். விதையின் படம் ஒன்றுக்கே ஒரு வாரம் யோசிப்பாள்.

"நெறத்தச் சொல்லி என்ன பண்றது? தொட்டா எப்படி இருக்கும்னு சொல்லணுங்க" என்பாள்.

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுவது அவர் வேலை. கணினியை யாரிடமாவது காட்டுங்கள் என்று அவள் நடமாடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே, மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஓடற வரைக்கும் ஓடட்டுமே" என்று தட்டிக் கழித்தார்.

ஒருநாள் வட்டம் சுற்றி முடிவதற்குள்ளேயே அவள், "முடியலங்க, படுத்துக்கறேன்" என்றாள். அன்றே மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் மூடியைக் கழற்றித் தூசியை ஊதினார். "மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. டிஸ்க்குதான் கெழடு. அதுல இருக்கறத அப்படியே எஸ்.எஸ்.டி.ன்னு ஒரு புது டிஸ்க்குக்கு மாத்திட்டு, ராம் மெமரியையும் கூட்டிட்டாப் போதும்."

"எவ்வளவு நாளாகும்?"

"நாளா? மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும் சார்."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. உள்ளே படுத்திருந்த மனைவிக்கும் அது கேட்டிருக்கும்.

சொன்னபடியே முடிந்தது. மறுநாள் தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து அவளை உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினார். மூச்சை இழுத்து விடுவதற்குள் திரை தயாராக நின்றது.

"அடேங்கப்பா! இது நம்ம பொட்டிதானா? எனக்கும் இப்படி ஒண்ண மாத்திப் போட ஆள் இருந்தாச் சொல்லுங்க" என்று சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

"முன்னாடியே செஞ்சிருக்கணும்."

"இப்பச் செஞ்சீங்கல்ல? போய் அந்தப் பதினாறாம் பக்கத்த எடுத்துப் பிடிங்க."

ஏழு வாரம் கண்ணும் கருத்துமாக எழுதினாள். நாற்பத்தொரு படம் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் பல் துலக்கத் தண்ணீர் கொண்டுபோனபோது அவள் எழவில்லை.

காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். "எழுதின வரைக்கும் போதும் சார். மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"இல்லம்மா, நானே முடிச்சுத் தரேன்."

கணினி முன் உட்கார்ந்தவருக்குத் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம், மூன்று வருடம். இருநூறு மணி நேரத்துக்கு மேல் வந்தது. இந்தப் புத்தகம் என்ன, இன்னொன்றும் எழுதியிருப்பாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

மீதி ஒன்பது படத்துக்கு அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. எழுதுவதும் அழிப்பதுமாக, காதின் உட்புறப் படத்துக்கு எழுதியதை மட்டும் இருபது தடவை மாற்றினார். ஒருவழியாக அனுப்பிவைத்தார்.

பத்து நாள் கழித்துத் தலைமையாசிரியை மறுபடி அழைத்தார். நன்றி சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"பிள்ளைங்க எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டாங்க சார். கடைசி ஒன்பது வந்ததுமே ஒரு பொண்ணு, 'இது டீச்சரம்மா எழுதினது இல்லையே, அவங்க எங்க போனாங்க'ன்னு கேக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல சார். நீங்க ஒரு நாள் வந்து சொல்றீங்களா?"

வருவதாகச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அந்தப் பக்கம் தலைமையாசிரியை போனை வைக்காமல் காத்திருந்தார்.