ஒன்பது முழக் காடா

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கார்த்திகையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தது. அந்தப் பத்து நாளும் சந்திரகலாவின் வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்று இல்லை. கொடியில் தொங்கியதெல்லாம் தருமனின் இடுப்புத் துணி. குமுட்டி அடுப்பில் கரி போட்டு, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் துணியை விரித்துக் காய வைத்தாள். ஒன்று காய்வதற்குள் அவன் இரண்டை நனைத்தான்.

தருமனுக்கு ஒன்றே கால் வயது. பதினோராம் மாதத்தில் நடக்கத் தொடங்கி, பன்னிரண்டில் ஓடத் தொடங்கிவிட்டான். துணி கட்டப் படுக்க வைத்தால் புரண்டு குப்புற விழுவான். பிடித்துத் திருப்பினால் எழுந்துவிடுவான். புருஷன் ராமதாஸின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பதினெட்டுத் துண்டு வைத்திருந்தாள். முன்பக்கம் கனமாக வரும்படி மடித்து, காலிடையில் கொடுத்து, இரண்டு முனையையும் அரைஞாண் கயிற்றில் செருகி, பக்கத்துக்கு ஒரு பின் குத்துவாள். இரண்டாவது பின்னைக் குத்துவதற்குள் அவன் வாசல்படியில் இருப்பான். துணியின் ஒரு முனை பின்னால் வால் மாதிரி இழுபடும். வேட்டித் துணி நைந்து போனது. ஒரு தடவை நனைந்தால் தொடையில் ஒட்டி உரசும். ஐப்பசியில் வந்திருந்த ராமதாஸின் அக்கா திரௌபதி, பிள்ளையின் தொடை சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தாள்.

"இந்த நைஞ்ச துணியெல்லாம் இவன் ஆட்டத்துக்கு நிக்காது சந்திரா. கெட்டித் துணியா எடுத்துக் குடுக்கறேன், பாரு."

திரௌபதியைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தார்கள். ராமதாஸ் அந்த வழி ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் மத்தியானம் அவன் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, "அக்கா குடுத்தனுச்சிது, மேல வையி" என்று சொல்லிவிட்டு, நின்றபடி சாப்பிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டான். பிரித்தால், சலவை செய்யாத காடா, ஒன்பது முழம். சொன்னபடி அனுப்பிவிட்டாரே என்று சந்திரகலாவுக்கு மனம் நிறைந்துவிட்டது.

மூன்று முழத்தைக் கிழித்து, முழத்துக்கு ஒன்றாக மூன்று துண்டாக்கினாள். கஞ்சி போக ஊற வைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, கல்லில் அடித்தாள். துணி பூப்போல ஆகாவிட்டாலும் பதமாகிவிட்டது. மூன்றாக மடித்துக் கட்டினால் திண்டு மாதிரி நின்றது. கட்டிய முதல் நாள் தருமன் அடுப்படியிலிருந்து தெருக்கதவு வரை ஏழெட்டு முறை ஓடினான். அவிழவில்லை. தரையும் நனையவில்லை. அன்று சந்திரகலா பகலில் அரைமணி நேரம் தூங்கினாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் பக்கத்துப் போர்ஷன் கன்னியம்மாள் தண்ணீர் பிடிக்க வந்தவள், நடையில் இருந்த கொடியைப் பார்த்து நின்றாள்.

"இன்னாடி இது, காடாவா?"

"நாத்தனார் குடுத்தனுப்பினாங்கக்கா, இவனுக்கு."

"நாளைக்கு தீபம். இந்த ஊர்ல கார்த்திகையில எவ காடா எடுத்தாலும் திரிக்குத்தான் எடுப்பா. நீ இன்னாடான்னா சாமி திரியை மூத்திரத் துணியாக்கி வச்சிகீற?" கன்னியம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சந்திரகலாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குடத்தை எடுத்தாள். "கேட்டுக்கோ எதுக்கும்."

சந்திரகலா ஆரணிப் பக்கத்தவள். மலையில் ஏற்றும் தீபத்துக்கு ஊர் ஊராகக் காடாவும் நெய்யும் வருவது அவளுக்கும் தெரியும். ஆனால் திரௌபதி பிள்ளைக்குத் துணி தருவதாகச் சொன்னதும், பிறகு துணி வந்ததும் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டிருந்தன.

தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள். ராமதாஸ் ஏழு மணிக்குக் குளிக்க மட்டும் வந்தான். அவள் கேட்டாள். அவன் தலையில் ஊற்றின தண்ணீரோடு திரும்பினான்.

"ஆமா, அக்கா வேண்டுதல். நான் சொல்லல?"

"எங்க சொன்னீங்க? மேல வையின்னீங்க."

"மேல வையின்னா கீழ எறக்கிக் கிழின்னு அர்த்தமா?"

அவன் துவட்டிக்கொண்டே சொன்னதிலிருந்து விஷயம் தெரிந்தது. திரௌபதிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. தை பிறந்தால் அவள் புருஷன் பரசுராமனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் வீட்டில் முடிவாகிவிட்டது. அவன் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை. தீபத்துக்கு ஒன்பது முழம் திரித்துணி கொடுப்பதாகத் திரௌபதி வேண்டிக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டில் வைத்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்றுதான் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். இன்று பதினொரு மணி பஸ்ஸில் வருகிறாள். சாயங்காலத்துக்குள் கோயிலில் கொடுத்தாக வேண்டும்.

"கடைக்குப் போயி ஒம்போது மொழம் வாங்கி அதே மாதிரி சுத்தி வச்சிடு. காடா காடாதான், அதுல பேரா எழுதிகீது?" ராமதாஸ் பையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

சந்திரகலா முதலில் தருமன் இடுப்பிலிருந்த காடாவை அவிழ்த்தாள். இனி அதைக் கட்ட மனம் வரவில்லை. கூடை மேல் அரை ஈரமாக இருந்த வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டி, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

தேரடித் தெருவில் நடக்க இடமில்லை. தலையில் மூட்டையோடு வெளியூர் ஜனம் ஒரு பக்கம், தரைக்கடைகள் ஒரு பக்கம், நடுவில் சேறு. தருமன் இடுப்பில் நிற்கவில்லை. பலூனைப் பார்த்து ஒரு பக்கம் சாய்ந்தான், மாட்டைப் பார்த்து மறுபக்கம் சாய்ந்தான். ஒரு கையால் அவனையும் ஒரு கையால் நழுவும் துணியையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் கடையில், "காடாவா? போன வாரமே காலி" என்றார்கள். இரண்டாவது கடையில் மெல்லிய மல் துணியைக் காட்டி, "இதுவும் எரியும்மா" என்றான் கடைக்காரன். அவள் கடையை விட்டு இறங்கினாள்.

மூன்றாவது கடையில் வெள்ளை உறை போட்ட மெத்தையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரித் தட்டில் ஒரு காடா பீஸ் இருந்தது.

"அது வேற ஒருத்தர் சொல்லி வச்சதும்மா."

"நாலரை கஜம் மட்டும் குடுங்க. அவசரங்க."

"ஒருத்தருக்கு வச்சதை எப்படிக் கிழிக்கறது?"

கெஞ்சுவதற்காக அவள் குனிந்தபோது தருமன் இறங்கிவிட்டான். மெத்தை மேல் ஏறி, அடுக்கியிருந்த ரவிக்கைத் துணியைப் பிடித்து இழுத்தான். அவள் எட்டிப் பிடிப்பதற்குள் இடுப்புத் துணி முழங்காலுக்கு இறங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே மெத்தையை நனைத்தான். நனைத்துவிட்டு, நனைந்த இடத்தில் கையால் தட்டிப் பார்த்தான்.

"யம்மா! புள்ளையப் புடி! மெத்தை போச்சே!"

புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, "நல்ல போணி முதலாளி! இன்னிக்கு வியாபாரம் ஜாஸ்திதான்" என்றாள். கடையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. பீஸை உருவி, நாலரை கஜம் அளந்து, 'சர்'ரென்று கிழித்துச் சுருட்டி நீட்டினார். "இந்தா. மொதல்ல எறங்கு கீழ."

வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. புதுக் காடாவைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தாள். பழையதில் மீதியிருந்த ஆறு முழத்தை மடித்துத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். தருமனுக்குக் கட்டத் துணி தேடினாள். வேட்டித் துண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றுகூடக் காயவில்லை. காய்ந்திருந்தது, காலையில் அவன் நனைப்பதற்குள் அவிழ்த்த காடாத் துண்டு மட்டும்தான். பிள்ளை அம்மணமாக வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். அவனைக் கதவு மூலையில் மடக்கி, காடாவையே கட்டி, அது தெரியாமல் மேலே ஒரு டிராயரை மாட்டிவிட்டாள். டிராயர் புடைத்துக்கொண்டு நின்றது.

"சந்திரா!"

பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. திரௌபதி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். தருமன் ஓடிவந்து அவள் காலைக் கட்டினான்.

"வாடா என் ராசா. இன்னாடா இது, பின்னால சாக்கு மூட்டை கட்டி விட்டிருக்குறா உங்கம்மா?"

"உக்காருங்க அண்ணி, காப்பி போடறேன்."

"காப்பி அப்பறம். துணி எங்க?"

சந்திரகலா பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். திரௌபதி அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். தருமன் தாளைக் கிழிக்க வந்தான். அவனை ஒரு கையால் தள்ளிப் பிடித்தாள்.

"எங்க வூட்ல ஒரு பொருள் வச்சா வச்ச எடத்துல இருக்காது. நீ பத்திரமா வச்சிகீற. ஆவணி, பொரட்டாசியில நாப்பது நாளு அடுத்தவங்க கொல்லையில கூலிக்குக் கடலக்கா பறிச்சேன் சந்திரா. இவருகிட்டயும் வாங்கல, என் தம்பிகிட்டயும் வாங்கல. நானே பாடுபட்டு எடுத்த துணியாத்தான் இருக்கணும்னு வேண்டுதல். வேற யாரோட காசும் இதுல கலக்கக்கூடாது." அவள் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சந்திரகலா அடுப்படி வரை போனாள். பால் பாத்திரத்தை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்தப் பொட்டலத்தில் இருந்தது ராமதாஸின் சம்பளத்தில் வாங்கியது. அது தெரியாமல் திரௌபதி அதைக் கொடுத்துவிட்டு, தை வரை நம்பிக்கையோடு காத்திருப்பாள். ஒன்றும் நடக்காவிட்டால், தான் வேண்டிக்கொண்டபடி துணி கோயிலுக்குப் போகவே இல்லை என்பதுகூடத் தெரியாமல் அந்த வீட்டில் தலைகுனிந்து நிற்பாள். சொல்லிவிட்டால் இப்போதே இடிந்துபோவாள். பாத்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சந்திரகலா திரும்பி வந்தாள்.

"அண்ணி, அது உங்க துணி இல்ல."

திரௌபதிக்குப் புரியவில்லை. சந்திரகலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஐப்பசியில் திரௌபதி சொன்னது, தான் நினைத்தது, கிழித்தது, கடை. நடுவில் இரண்டு முறை தருமனைக் குமுட்டியிடமிருந்து இழுக்க வேண்டியிருந்தது. சொல்லி முடித்து, புடவைக்கு அடியிலிருந்து ஆறு முழத்தை எடுத்து வைத்தாள்.

திரௌபதி அதன் கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கெட்டித் துணின்னு நான்தான் சொன்னேன் இல்ல?"

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் அண்ணி."

"கேட்டிருக்கணும்." குரல் உயரவில்லை. "உனக்கு இன்னா. புள்ளை கீது. துணி இல்லன்னா எதையாவது எடுத்துக் கிழிச்சிக்கலாம். எனக்குக் கிழிக்கறதுக்கு இன்னா கீது?"

திரௌபதி எழுந்து ஆறு முழத்தை உதறி, கையால் முழம் போட்டாள். ஆறுதான். மறுபடியும் போட்டாள். புதுத் துணியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, கால் படாமல் தள்ளி நின்றாள். குடையை எடுத்தாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"மீதி மூணு எங்க?"

"துவைச்சி வச்சிகீறேன். ரெண்டு கொடியில. ஒண்ணு... அவன் இடுப்புல."

"ரெண்டையும் பையில போடு. அவனையும் தூக்கு."

"கோயிலுக்கா? அதைப்போயி எப்படி அண்ணி..."

"நான் மூத்திரத் துணியைக் குடுப்பேனா? குடுக்கறது ஆறு. ஆனா ஒம்போதும் வாசல் வரைக்கும் வரணும். வேண்டிக்கிட்டது ஒம்போது. கெளம்பு."

திரௌபதி முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். சந்திரகலா பிள்ளையோடு பின்னால் ஓடினாள். கோயிலில் துணி வாங்கும் இடத்தில் வரிசை நின்றது. தருமன் வரிசையில் நிற்கிற எல்லாருடைய காலுக்கிடையிலும் புகுந்து வந்தான். யாரோ, "யாரும்மா புள்ள இது?" என்று கத்தினார்கள். திரௌபதி திரும்பாமலே கையை நீட்டி அவன் டிராயரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அப்படியே பிடித்தபடி வரிசையில் நகர்ந்தாள்.

துணி வாங்குகிற ஆள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எவ்ளோ?"

"ஆறு மொழம்" என்ற திரௌபதி, ஏதோ சேர்த்துச் சொல்ல வாயெடுத்தாள். அந்த ஆள் துணியை வாங்கிப் பின்னால் இருந்த குவியலில் எறிந்துவிட்டு அடுத்தவளிடம் கையை நீட்டினார். குவியலில் அது எது என்று தெரியவில்லை. திரௌபதி அங்கேயே நின்று தேடினாள். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள்.

வெளியே மதில் ஓரம் வந்ததும் அவள் தருமனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் சாயவில்லை. அவள் காதைப் பிடித்து இழுத்தான், கம்மலைத் திருகினான். சிறிது தூரம் போனதும் அவளுடைய இடுப்புப் புடவை கறுத்து நனைந்தது. சந்திரகலா பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க அண்ணி, குடுங்க."

திரௌபதி கொடுக்கவில்லை.

"வேற துணி எடு."

பையிலிருந்த காடாவில் ஒன்றை சந்திரகலா எடுத்துக் கொடுத்தாள். திரௌபதி மதில் ஓரத்தில் குந்தி, பிள்ளையை நிறுத்தி வைத்து, டிராயரை இறக்கி, நனைந்ததை உருவி சந்திரகலாவின் பக்கம் நீட்டினாள். மாற்றுத் துணியை அவளுக்குத் தெரிந்த மாதிரி மடித்தாள். முன்பக்கம் கனம் வரவில்லை. கயிற்றில் செருகியதும் சரியில்லை, தளர்வாக இருந்தது. பின்னைக் கேட்டாள். அவன் நெளிந்ததில் பின் அவள் விரலில் குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் முடிச்சைப் பிடித்தாள்.

இறுக்கிக் கட்டச் சொல்ல சந்திரகலாவுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

பிடியை விட்டதும் தருமன் ஓடினான். பத்தடியில் துணி இறங்கியது. இருபதடியில் ஒரு காலிலிருந்து கழன்றுவிட்டது. அதை இழுத்துக்கொண்டே அவன் கூட்டத்துக்குள் புகுந்தான்.

"டேய்! நில்லுடா!" திரௌபதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள்.