எட்டு மணிப் பூட்டு

ஸ்டாக்ஹோமில், அந்த அடுக்குமாடியின் நிலவறைச் சலவைக்கூடத்து நேரப்பலகையில், காலை எட்டு மணிக்கு நேராக வேறொரு வீட்டின் சிறுபூட்டு தொங்குவதை ஹால்வர் பார்க்கத்தான் செய்தான். பூட்டை மாட்டியவருக்கே அந்த நேரம் சொந்தம். ஆனால் வடகோடியில் அவனுடைய ஊரான கிருனாவில், உரியவர் பத்து நிமிடத்துக்குள் வராவிட்டால் அந்த நேரம் பொதுவாகிவிடும். எங்கும் அதுவே வழக்கம் என்று அவன் நம்பியிருந்தான். மரியாதைக்கு மேலும் இரண்டு நிமிடம் காத்திருந்த பின்னரே தங்கை சிக்னேயின் கறுப்புச் சட்டையை இயந்திரத்தில் இட்டான்.

சிக்னேக்கு நண்பகலில் இசைக்குழுத் தேர்வு. டிரம்பெட் வாசிக்கும் எழுபது பேரில் ஒருவருக்கே இடம். இந்நகரில் விடுதியறை எடுப்பது இருவருக்கும் கட்டுப்படியாகாது. இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து, இதே கட்டடத்தில் நண்பன் ஈவரின் வீட்டுத் தரையில் படுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மொறுமொறுப்பான ரொட்டியில் குழாயிலிருந்து மீன்முட்டை விழுதைப் பிதுக்கித் தின்று மூன்று நாளைச் சமாளித்துவிட்டார்கள். நேற்று காப்பி கொட்டிய சட்டைக்கு மாற்று வாங்குவதுதான் அந்தச் சமாளிப்பில் அடங்கவில்லை.

கதவு சுவரில் மோதித் திறந்தது. முதல் மாடி பொர்யே, ஐம்பது வயதுக்காரர், துணித்தொட்டியுடன் நின்றார்.

"எவன்டா என் நேரத்துல துணி போட்டது?"

"பன்னெண்டு நிமிஷம் பாத்தேங்க, நீங்க வரல. ஒரே ஒரு சட்டைதான், இப்ப முடிஞ்சிரும்..."

"பேச்சப் பாத்தாலே தெரியுது, பனிக்காட்டுலேர்ந்து வந்தவன்னு. ஓசியில தங்குறதுக்கு ஊரு, ஓசியில துவைக்க என் நேரமா? வெளிய எடுறா!"

"மெஷின் கதவு பூட்டிக்கிச்சுங்க. ஓடி நின்னாத்தான் தொறக்கும்."

பொர்யே இயந்திரத்தின் கண்ணாடியை உதைத்தார். ஹால்வர் குறுக்கே வந்ததும் தொட்டியின் விளிம்பால் அவன் நெற்றியில் அடித்தார். சூடான இரத்தம் இமைக்குள் இறங்கியது. அதுவரை கட்டிக்காத்த பணிவு அவனை விட்டு அகன்றது. முதல் குத்தில் பொர்யேயின் மூக்கெலும்பு விலகுவதை அவன் விரல் முட்டிகள் உணர்ந்தன. சொல்ல வெட்கமான உண்மை, அது அவனுக்கு இனித்தது. இரண்டாவது குத்தில் பொர்யே தரையில் சரிந்தார்.

"அண்ணா! விட்ருண்ணா, செத்துரப் போறாரு!" சத்தம் கேட்டுப் படியிறங்கி ஓடிவந்த சிக்னே, பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தாள்.

மூன்றாவது குத்துக்கு அவன் கையைப் பின்னிழுத்தான். முழங்கை மென்மையான எதிலோ பட்டு, அதற்கப்பால் பல்லில் இடித்து நின்றது.

"நான் அவளத் தொடவே இல்ல," என்றார் பொர்யே, தரையிலிருந்தபடி. "நீதான்டா."

சிக்னேயின் மேலுதடு நடுவில் பிளந்திருந்தது. "இங்க காட்டு, பாப்பா," என்று நெருங்கியவனைக் கையால் தடுத்தாள். வாத்தியத்தை எடுக்குமுன் தினமும் செய்வதுபோல் உதடுகளை இறுக மூடி ஊதினாள். உதடு அதிர்ந்தால்தான் டிரம்பெட் ஒலிக்கும்; வெறும் காற்றுதான் வந்தது. இரத்தம் குமிழிட்டு உடைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மீண்டும் மூடினாள்.

அந்நேரம் பார்த்து இயந்திரம் சட்டையைப் பிழியத் தொடங்கியது. அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அவள் உதடு இசைக்காக அதிர்கிறதா, வலியால் நடுங்குகிறதா என்று ஹால்வர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.