துரைக்கு என்ன வேணுமாம்?

“உங்கிட்ட நான் எதையும் கேக்கப் போறதில்ல. பயப்படாதே” என்றாள் அம்மா.

“நான் எங்கம்மா பயந்தேன்?”

“கேர் மேனேஜர்னு ஒருத்தியப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கியே, அது என்ன தைரியத்துலயா? மேனேஜர் வெக்கறதுக்கு இது என்ன கடையா?”

“உனக்கு உதவியா இருக்கட்டும்னுதாம்மா. இதயம் பலவீனமா இருக்கு, எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு உனக்கே ஒண்ணு ஆயிட்டா துரைய யாரு தூக்குவா?”

“அதான். யாரு தூக்குவா?”

அது கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையணை உறையை மடித்து, உதறி, மறுபடியும் மடித்தாள். மகள் அதை வாங்கி அடுக்கின் மேல் வைத்தாள். அம்மா இன்னொரு முறை கேட்கவில்லை.

இந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தபோது மகளின் கையில் சவரக்கத்தி இருந்தது. தம்பியின் ஒரு கன்னம் முடிந்து, இன்னொன்று நுரையோடு மிச்சமிருந்தது. ஹாலில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து காலையில்தான் கொண்டுவந்தார்கள். வண்டி மதியத்துக்கு மேல் வரும்.

“அக்கா... எ...”

“பேசாதே துரை. கன்னம் கிழிஞ்சுடும்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். தாடை மட்டும் லேசாக நடுங்கியது. அவள் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கத்தியை இழுத்தாள். அம்மா இருந்தவரைக்கும் இது அம்மாவின் வேலை. ஒரு கீறல் விழாமல், பாட்டு முணுமுணுத்தபடி முடித்துவிடுவாள்.

துரை என்பது அம்மா வைத்த செல்லப் பெயர். உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வர வேண்டும், அதனால் துரை. இப்போது அவனுக்கு நாற்பது நெருங்குகிறது. பிறக்கும்போது மூச்சு தாமதித்ததில் கைகால்கள் அவன் சொல்பேச்சு கேட்காமல் போய்விட்டன. நாக்கும் அப்படித்தான். மூளைக்கு ஒரு குறையும் இல்லை. சொந்தத்தில் யாருக்கு எப்போது பிறந்தநாள், யார் யாரோடு எதற்காகப் பேசுவதில்லை என்பதெல்லாம் அவனைக் கேட்டால்தான் தெரியும். கேட்டால், சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

அவ்வளவு பொறுமை வீட்டில் யாருக்கும் கிடையாது. அம்மாவுக்கு அது தேவைப்படவுமில்லை. இரண்டாவது சொல்லிலேயே பிடித்துக்கொண்டு மீதியை அவளே சொல்லிவிடுவாள். வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, “துரைக்கு என்ன வேணுமாம்?” என்பார்கள். “ஜன்னலைத் திறக்கணுமாம்”, “உங்க பொண்ணு பரீட்சை எழுதிட்டாளாங்கறான்” என்று அம்மா சொல்வாள். அவன் தலையாட்டுவான். பெரும்பாலும் அம்மா சொன்னது சரியாகவே இருந்திருக்க வேண்டும்.

கேர் மேனேஜர் முதன்முதலாக வந்த அன்றைக்கு மட்டும் அந்தப் பழக்கம் நடுவில் தடைபட்டது. முன்பு நர்ஸாக இருந்தவர்; இப்போது துரை மாதிரி ஆட்களுக்கு ஆளும் மருந்தும் இடமும் ஏற்பாடு செய்வது அவர் வேலை. எப்போதும் இரண்டு போன், எப்போதும் அவசரம். ஆனால் அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க சார்” என்று கேட்டார். அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அம்மாவே சிரித்துவிட்டாள்.

“அவனுக்கு என்னங்க, காலைல...”

“ஒரு நிமிஷம்மா. அவர் சொல்லட்டும்.”

அவன் ஆரம்பித்தான். “எனக்கு...” என்றான். கழுத்து நரம்பு புடைத்தது. “ஒரு...” என்றான். நெற்றியில் வேர்வை பூத்தது. அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

“எனக்கு ஒரு குறையும் இல்லங்கறான். நான் பக்கத்துல இருந்தா போதும் அவனுக்கு. ஏன் புள்ளைய இப்படிப் பாடாப் படுத்தறீங்க?”

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். “சரி, அடுத்த தடவை பேசுவோம்” என்று மேனேஜர் எழுந்துகொண்டார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அம்மா, “இன்ஸ்பெக்டரம்மா விசாரணைய முடிச்சுட்டாங்க” என்றாள். அடுத்த தடவைக்குள் அம்மா மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு. அந்த இரண்டு சொற்களும் அன்றிலிருந்து மகளை விடவில்லை. பேருந்தில் போகும்போதும், பாத்திரம் கழுவும்போதும் அவளாகவே அதை முடித்துப் பார்ப்பாள். எனக்கு ஒரு வாக்கு குடு. எனக்கு ஒரு இடம் குடு உன் வீட்டுல. வேறு என்னவாக இருக்க முடியும்? அவள் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. இரண்டு படுக்கையறை, இரண்டு பிள்ளைகள். கணவனிடம் பேசிப் பார்த்தாள். “நீ என்ன சொல்றியோ அப்படியே செய்வோம்” என்றான். அப்படிச் சொல்லிவிட்டால் நாளைக்கு எதுவும் அவன் தலையில் விழாது.

அம்மா கடைசிவரை கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். இனிமேல் கேட்க ஒருவன்தான் மிச்சம். அவன் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அவன் முகத்தைப் பார்த்து, அவன் அவ்வளவு பாடுபட்டுச் சொல்லி முடித்த பிறகு.

அவள் அவன் கன்னத்தைத் துண்டால் ஒற்றினாள். உடனே அவன் மறுபடியும், “அக்கா...” என்றான்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். அழுது சிவந்த கண்கள். தம்பியைப் பார்த்தார், அவள் பக்கம் திரும்பினார்.

“துரைக்கு என்ன வேணுமாம்?”

“தண்ணி கேக்கறான் சித்தப்பா.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சித்தப்பா தானே போய் ஒரு தம்ளர் நிறையக் கொண்டுவந்தார். அவள் வாயருகே பிடித்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தான்.

சக்கர நாற்காலியை ஹாலில் அம்மாவின் தலைமாட்டில் நிறுத்தினார்கள். அவன் கண்ணில் நீர் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஓடிவந்து துடைத்துவிட்டார்கள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கைக்குட்டையும் கையுமாக இருந்தாள். “அழக் கூடாது ராஜா. நீ அழுதா அம்மா தாங்குவாளா?” என்றாள். பிறகு அவளிடம் திரும்பி, “இனிமே நீதாண்டி அவனுக்கு அம்மா” என்றாள். கூடியிருந்தவர்கள் அதை ஆமோதித்துத் தலையசைத்தார்கள். அவளும் அசைத்தாள். வேறென்ன செய்வது?

மேனேஜர் தாமதமாகத்தான் வந்தார். நேராகப் போய் அவன் எதிரில் மண்டியிட்டு, “ரொம்ப வருத்தமா இருக்கு சார்” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் கை ஆடி நிற்கும்வரை விடவில்லை. பிறகு அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

“இன்னிக்கு இதப் பேசக் கூடாதுதான் மேடம். மன்னிச்சுக்குங்க. நான் சொன்னேனே, அந்த இல்லத்துல ஒரு கட்டில் காலியாகுது. நாளைக்குள்ள சொல்லணும். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“எப்படி இருக்கும் அங்க?”

“சுத்தமா இருக்கும். நல்லாவே பாத்துக்குவாங்க. பெரிய ஹால், ஆறு பேரு. இங்க வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றாருன்னீங்க. இல்லன்னா இங்கயே ஆள் போட்டிருக்கலாம்.” போன் அடித்தது. பார்த்துவிட்டுத் துண்டித்தார். “இல்ல, உங்க வீட்டுக்கு வர்றாருன்னா அதுக்கும் ஆள் ஏற்பாடு பண்ணித் தர்றேன். மாடிதான் பிரச்சனை.”

“கட்டிலுக்கே சரின்னு சொல்லிடுங்களேன்.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“அவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க. உங்களுக்கே தெரியுமே.”

“தெரியும். அதனாலதான் தலையாட்டறத நான் பதிலா எடுத்துக்கறதில்ல.”

“அப்ப நீங்களே கேளுங்க. அதுக்குத்தானே உங்கள வெச்சிருக்கோம்?” குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

மேனேஜர் கோபப்படவில்லை. கொஞ்சம் களைத்தவராகத் தெரிந்தார். “ஆள் பிடிக்கலாம், மருந்து பாக்கலாம், இடம் தேடலாம். எல்லாம் நான் பண்றேன் மேடம். ஆனா அவரு உங்ககிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்ட சொல்ல மாட்டாரு.” மறுபடி போன் அடித்தது. இந்த முறை எடுத்துப் பேசிக்கொண்டே வெளியே போனார். வேறு எங்கோ ஒரு முதியவர் குளியலறையில் விழுந்துவிட்டாராம்.

வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. தெரு குறுகலாக இருந்ததால் பின்னால் வந்த கார்கள் ஒலியெழுப்பின. எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. அம்மாவைத் தூக்கினார்கள். யாரோ சக்கர நாற்காலியை வாசற்படிவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“இவனையும் கூட்டிட்டுப் போறதா?” என்று சித்தப்பா கேட்டார். “இந்த வெயில்ல, அந்தக் கூட்டத்துல...”

“நாற்காலிய எதுல ஏத்தறது?” என்றார் இன்னொருவர்.

தம்பி வாயைத் திறந்தான். “நா...” என்றான். பின்னால் கார் இன்னொரு முறை அலறியது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான் இங்கயே இருக்கேங்கறான் சித்தப்பா. நாம போயிட்டு வந்துடலாம்.”

அவன் தலையாட்டினான்.

பக்கத்து வீட்டு அம்மா அவனுக்குத் துணையாக நின்றுகொண்டார். வண்டி கிளம்பியது. அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவள், தெருமுனை திரும்பும்வரை பின்னால் பார்க்கவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அவசரம், அந்த நிச்சயம், கடைசிச் சொல்லில் ஒரு சிறு இழுப்பு. அம்மா எதிரே அசையாமல் படுத்திருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவள் தன்னையறியாமல் அம்மாவின் பாதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மயானத்தில் அதிக நேரம் ஆகவில்லை. திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். கணவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவள் கைகால் கழுவினாள். தேவையில்லாமல் சமையலறையைத் துடைத்தாள். தம்ளர்களைக் கவிழ்த்தாள். செய்வதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள்.

தம்பியை அவன் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த அறையின் வாசலில் திரைச்சீலை மட்டும்தான். சக்கர நாற்காலி முதன்முதலாக வந்தபோது நுழைய இடம் பற்றவில்லை என்று கதவைக் கழற்றியது, பிறகு மாட்டவே இல்லை. எதிரே அம்மாவின் கட்டில். அம்மா படுத்தபடியே அவனைப் பார்க்கலாம். இன்றைக்கு முழுவதும் யார் யாரோ அந்தத் திரையை விலக்கிப் பார்த்து, உச்சுக்கொட்டி, அவன் கண்ணைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓயாமல் துடைத்ததில் அவன் கண்ணுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது.

அவள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“மதியம் வரணும்னுதான் சொல்ல வந்தியா?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை.

“காலைலேர்ந்து ஏதோ சொல்லணும்னு பாக்கற. நான்தான் விடல.” அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இப்ப சொல்லு. நடுவுல பேச மாட்டேன்.”

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். விளையாடுகிறாளா என்று பார்க்கிறவன் மாதிரி. பிறகு மூச்சை இழுத்தான்.

“எங்க...”

எங்க போவேன் அக்கா. அவளுக்குள் வாக்கியம் தானாக முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் தோள் ஒரு பக்கமாக இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே நாற்காலி ஒன்று தவறி விழுந்தது.

அத்தை திரையை விலக்கித் தலையை நீட்டினாள். “என்னடி? துரைக்கு என்ன வேணுமாம்?”

“அவனே சொல்வான் அத்தை. நீங்க போங்க.”

அத்தை போகவில்லை. அங்கேயே நின்றாள். அவன் அத்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கண்ணை மூடினான். அவள் எழுந்து போய் அத்தையின் தோளைத் தொட்டு வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள். திரை காற்றில் உப்பி அடங்கியது.

“எங்க... வேணா... அனுப்பு... அக்கா.”

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் முடிக்கவில்லை. மூச்சு வாங்கியது. உதட்டோரம் எச்சில் இறங்கியது. துடைக்க எழுந்த கையை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“கதவு... இருக்கற... ரூமா... பாரு.”