குதிகாலில் ஒரு குத்து

...அழுதான், அப்பாடா, அழுதேவிட்டான், அதுவும் எப்படி, நர்ஸ் குதிகாலில் ஊசியால் குத்தியதும் முகமெல்லாம் சிவந்து, கையைக் காலை உதறி, ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "என்னாம்மா, பிள்ள இந்தக் கத்து கத்துறான், நீங்க சிரிக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள், அவளுக்கென்ன தெரியும்... பிறந்தபோது இவன் அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, உடம்பு நீலம் பாரித்து, மூச்சே இல்லாமல் கிடந்தான், மருத்துவச்சி வாயில் ஊதி ஊதித்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினாள். உயிர் வந்தது, சரி, மூளை? மூச்சில்லாத நேரத்தில் உள்ளே ஏதாவது கெட்டுப்போயிருந்தால்? அதன்பிறகு பசித்தாலும் ஒரு முனகல், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் வேறு, "தங்கமான பிள்ள கோகிலா, இருக்கிற எடமே தெரியல" என்று மெச்சிவிட்டுப் போவாள், அவள் தலை மறைந்ததும் நான் இவன் காதருகே கைதட்டிப் பார்ப்பேன்.

இன்றைக்கு ரத்தம் எடுத்தது சோகை இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதிலேயே மூளையையும் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று டாக்டர் மாணிக்கவாசகத்திடம் கேட்டேன், பைத்தியக்காரி மாதிரி. "ரத்தத்துல அதெல்லாம் தெரியாதும்மா, அப்படி ஒரு டெஸ்ட்டே இல்ல. பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான்" என்றவர், டார்ச்சை அடித்து, விரலைப் பிடிக்கவைத்து, கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கத்துறான்" என்றாரே, அந்த மனுஷன் காலில் விழலாம் போலிருந்தது. இப்போதைக்கு என்றாரா... இருக்கட்டும், இப்போதைக்குப் போதும்.

நாங்கள் ஏறிவந்த பேச்சா ரிக்‌ஷா காஜா பேராங் சாலைக்குள் திரும்புகிறது, மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை, இவ்வளவு நாளாக இதெல்லாம் என் கண்ணிலேயே படவில்லையே, வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்ல வேண்டும், உங்கள் பிள்ளை ஊரையே கூட்டிவிட்டான் என்று... பேச்சாக்காரர் மணியடித்தார். சட்டென்று குனிந்து பார்த்தேன், தூக்கத்திலும் இவன் இமை துடித்தது, நல்லது, காது கேட்கிறது, என்று நினைத்த பிறகுதான் உறைத்தது, டாக்டரே சோதிப்பதை விட்டுவிட்டார், நான் விடவில்லையே. சிரித்துக் காட்டினால் பார்க்கிறானா, மார்பில் போட்டால் இழுக்கிறானா, விரலைக் கொடுத்தால் பிடிக்கிறானா... பிறந்ததிலிருந்து இவனை ஒரு தடவையாவது நான் சும்மா கொஞ்சியிருக்கிறேனா? பாவம் பிள்ளை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான், மெல்ல இழுத்துப் பார்க்கிறேன், பிடி பலமாகத்தான் இருக்கிறது.