குழாயடித் தகடு

1

"தகட்டுல கை வச்சே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

"ஐயா, ஒரே ஒரு தடவை புரட்டிப் படம் எடுத்துட்டு, இருந்த மாதிரியே போட்டுடறேன்."

"இருபத்திரண்டு வருஷமா அது மேல நின்னுதான் குளிக்கிறேன். என் குழாயடியில உனக்கு என்னம்மா சரித்திரம்?"

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான்: பக்கத்து வீட்டில் கத்தினார்கள், நான் எங்கள் வீட்டுக் குழாயை மூடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிப் பேச்சு போய்விடுமே! ஒட்டுக்கேட்டேன் என்பீர்கள். நீங்களும் அடுத்த வரிக்கு வந்துவிட்டீர்களே, அதற்கு என்ன பெயர்?

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பழைய சுரங்கங்களின் எச்சங்களைப் பதிவு செய்வதென்பது ஒரு சமூகம் தன்னைத் தானே –"

எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். சுரங்கம் மூடியபோது ஊரே அதைப் பிய்த்து வீட்டுக்குத் தூக்கி வந்தது. தண்டவாளம் கூரையைத் தாங்குகிறது. காற்றுக் குழாய் புகைபோக்கியாயிற்று. தையற்காரர் வீட்டு வாசற்கதவு, ஆட்களைக் கீழே இறக்கிய கூண்டின் கதவு. சுரங்கம் இருந்த இடத்தில் ஒரு பள்ளமும் வேலியும்தான் மிச்சம். அதனால் பதிவுப் பெண் (மிச்சத்தையெல்லாம் பதிவு செய்ய வந்தவளுக்கு நாங்கள் வைத்த பெயர்) அளவு நாடாவும் கேமராவுமாக வீடு வீடாக வருகிறாள். எதையும் எடுத்துப் போவதில்லை. அளந்து, படம் பிடித்து, எண் போட்டு எழுதிக்கொள்கிறாள்.*

* இது தெரியாமல் எங்கள் வீட்டுச் சுரங்க விளக்கைப் பழைய துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சாயந்திரம் வரேன்கா" என்றாள்.

3

கத்தியவர் அண்ணன். கூடவே கேட்டுக்கொண்டு என் சமையலறை ஜன்னலில் நின்றவள் அவருடைய தங்கை. எதிர்த்த வீடு. தினமும் செய்தித்தாள் வாங்க வருகிறாள் என்று பெயர். ஒரு நாளும் அவள் அதைப் பிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணன் இருமுவதைக் கேட்டுவிட்டுப் போவாள்.

(இவளை முதல் படியில் அழுமூஞ்சியாக எழுதினேன். படித்துக் காட்டினேன். "நான் எப்பக்கா அழுதேன்?" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.)

அவள் புருஷன் விஞ்சுக்காரர். கீழிருந்து வரும் மணிச் சத்தத்தை எண்ணிக் கூண்டைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. சுரங்கம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள், கீழே அண்ணன் மூன்று முறை மணி அடித்தார். எத்தனை மணிக்கு என்ன அர்த்தம் என்று கீழே மாட்டியிருந்த தகட்டின்படி மூன்று என்றால் "ஆள் ஏறுகிறார்கள், பொறு." மேலே விஞ்சுக்காரர் கூண்டைத் தூக்கிவிட்டார். அண்ணனின் ஒரு கால் கூண்டுக்குள், இன்னொன்று வெளியே. அன்றிலிருந்து கைத்தடி.

"என் அறையில தொங்கின தகட்டுல மூணுன்னா தூக்குன்னுதான் இருந்துச்சு" என்றார் விஞ்சுக்காரர். விசாரணைக்கு வந்தவர்கள் போய்ப் பார்த்தபோது அங்கே பளபளவென்று ஒரு புதுத் தகடு, கீழே இருந்தது போலவே. "பொய்யன்! எந்தத் தகடு? கொண்டு வந்து காட்டு, அப்புறம் என் வாசல்ல கால வை" என்றார் அண்ணன். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

தங்கைக்கும் புருஷன் மேல் சந்தேகம் இருந்தது. இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.

4

இந்த இடத்தை மூன்று தடவை அடித்தேன், நம்ப மாட்டீர்கள் என்று. ஒரு படியில் தகட்டை ஏதோ அலுவலகக் கிடங்கில் கண்டுபிடிக்க வைத்தேன். கதை செத்தே போயிற்று. ஆகவே நடந்தபடியே:

அண்ணன் பதிவுப் பெண்ணிடம், "சுரங்கம் மூடினப்ப பழைய இரும்புக் குவியல்ல கிடந்துச்சு, ஒரு பக்கம் பூரா தாரு, அதைக் கீழ வச்சுப் போட்டேன், போதுமா?" என்று கத்தியதும், தங்கையின் கையிலிருந்த செய்தித்தாள் விழுந்தது. வெளியே ஓடிப்போய் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, புரட்டச் சொல்லு."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் அண்ணே. அவர் திரும்பவில்லை. ஆனால் கைத்தடியை ஊன்றித் தகட்டைவிட்டு இறங்கி நின்றார். "புரட்டும்மா" என்றார், பதிவுப் பெண்ணிடம்.

அவள் மண்ணெண்ணெய்த் துணியால் தாரைத் தேய்த்தாள். பின்னாலேயே ஓடிய என் கையைத் தங்கை பிடித்திருந்தாள். வளையல் அழுந்திய தடம் இரண்டு நாள் இருந்தது. அந்தத் தகடு அவள் புருஷனைப் பொய்யனாக்கியும் இருக்கலாம்.

"விஞ்ச் அறை" என்று படித்தாள் பதிவுப் பெண். "ஒன்று, நிறுத்து. இரண்டு, இறக்கு. மூன்று, தூக்கு. நான்கு... இருங்க, இதை அளந்துக்கறேன்."

தங்கை என் கையை விட்டாள்.

5

முடிவுகள்.

(அ) அண்ணன் ஓடிப்போய் மச்சானைக் கட்டிக்கொண்டார். இவர் எங்கே ஓடுவது? அடித்தேன்.

(ஆ) விஞ்சுக்காரர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று –

இல்லை. அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் சட்டை கூடப் போடாமல், தோளில் துண்டோடு, தடியை ஊன்றித் தெருவைக் கடந்தார். எதிர்த்த வீட்டுக் கதவு திறந்தது. சாத்திக்கொண்டது. நான் தெருவில் நின்று செருப்பைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. உள்ளே முதலில் பேசியது யார், என்ன பேசினார்? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

...................................................

பிறகு நடந்தது தெரியும். பதிவுப் பெண் தன்னோடு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வந்தவனையே கட்டிக்கொண்டு வேறு ஊர் போனாள். தையற்காரர் மகளிடம் போய்ச் சேர்ந்தார், கூண்டுக் கதவோடு. தங்கையும் விஞ்சுக்காரரும் எதிர்த்த வீட்டைக் காலி செய்து, அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். இதில் எனக்குத்தான் தொல்லை. சுவரோரம் நின்றால் மேலிருந்து நன்றாகத் தெரிகிறேன்.

நேற்றுகூடக் குரல் கொடுத்தாள்: "அக்கா, கேக்குதா? இல்ல, இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசட்டுமா?"