என் பக்கத்து ஜிப்

அடுத்தவர் சாய்ந்து ஓய்வெடுக்க சோபா உறை தைப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஊர் மூவாரில் திரும்பிய பக்கமெல்லாம் நாற்காலித் தொழிற்சாலைதானே. நான் தைத்த சோபாவில் யார் யாரோ காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். எனக்கு மட்டும் முதுகு நிமிர மாட்டேன் என்கிறது. சனிக்கிழமை அரைநாள் வேலை என்று பெயர்தான், ஓவர்டைமில் அந்த அரைநாளும் நீண்டுவிட்டது. குளித்துவிட்டுப் படுத்தால் திங்கட்கிழமை எழுந்தால் போதும் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. எங்களுடைய பழைய ஸ்லீப்பிங் பேக் இரண்டும் கூடம் முழுக்க விரிந்து கிடந்தன. நடுவில் என் கணவர் ஜெயபாலன், என் தையல் சாக்கட்டியும் கையுமாக முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வீட்டில் ஒரு பொத்தான் அறுந்தால்கூட என்னைத்தான் தேடுவார். அவர் கையில் சாக்கட்டியைப் பார்த்ததுமே எனக்கு வேலை வந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

கோப்பிகூடக் குடிக்க விடாமல் விளக்க ஆரம்பித்தார். லேடாங் மலைக்கு இவரோடு கேம்பிங் வருகிற விஜயனும் காளிதாஸும் கூடாரத்தை விட்டுவிட்டு ஹம்மாக்கிற்கு மாறிவிட்டார்களாம். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற துணித் தொட்டில். போன மாதம் இவரும் ஒன்றை இரவல் வாங்கிப் படுத்திருக்கிறார். அதற்குள் ஸ்லீப்பிங் பேக்கோடு நுழைந்து, சாக்கில் விழுந்த நாய்க்குட்டி போலத் திண்டாடியிருக்கிறார். போதாததற்கு, உடம்பு அழுத்தி அடியில் இருந்த பஞ்சு சப்பிப்போய், கீழிருந்து வந்த காற்றில் முதுகு விறைத்துவிட்டதாம். எத்தனையோ வீடியோ பார்த்து இப்போது வழி கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பைகளின் ஜிப்பையும் தையல் பிரித்து எடுத்துவிட வேண்டும். அவருடைய பை விரிந்து மேலே போர்வையாகும். என்னுடையதை ஹம்மாக்கிற்கு வெளியே, அடியில் தொங்கவிட வேண்டும். அதன்மேல் யாரும் படுப்பதில்லை, அதனால் பஞ்சு சப்பாது, குளிரும் ஏறாது.

"நீ தைச்சுக் குடுத்தா போதும். கோடெல்லாம் நான் போட்டுட்டேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளெல்லாம் தைத்துவிட்டு வந்தவளுக்கு வீட்டிலும் தையலா என்கிற எரிச்சல் ஒருபக்கம். அதைவிட, என் பையை இவர் எடுத்த விதம்.

அந்தப் பைகள் கல்யாணமான புதிதில் வாங்கியவை. ஒன்றுக்கு ஜிப் இடது பக்கம், இன்னொன்றுக்கு வலது பக்கம். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் இருவர் படுக்கிற ஒரே பை. லேடாங் அடிவாரத்து ஆற்றோரம் அப்படித்தான் படுப்போம். மகள் லக்ஷ்மிப்ரியா பிறந்த பிறகு அவளை நடுவில் போட்டுப் பூட்டிக்கொள்வோம். அவள் வளர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். என் முதுகும் தரையில் படுக்க முடியாத முதுகாகிவிட்டது. அவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வருகிறாயா என்று கேட்பார். முடியலங்க என்பேன். பொய்யில்லை, உண்மையாகவே முடியவில்லை. கொஞ்ச நாளாக அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். இப்போது ஜிப்பையும் பிரித்துவிட்டால் இரண்டு பையும் இனி ஒருநாளும் சேராது. அதையும் என் கையாலேயே செய்ய வேண்டுமாம்.

வாக்குவாதம் செய்யவும் தெம்பில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என் பையை மடிக்கு இழுத்தேன். நான் தொட்டே பல வருடம் ஆகிறது, அலமாரியின் பாச்சை உருண்டை வாடைதான் வீச வேண்டும். ஆனால் அடுப்புப் புகை வாடை வந்தது. ஜிப் பல்லிடுக்கில் செம்மண். உள்மடிப்பில் ஒரு காய்ந்த இலை, இன்னும் நொறுங்காமல்.

பிளேடைக் கீழே வைத்தேன்.

"என் பையில யாருங்க படுத்தது?"

அவர் சாக்கட்டியை உருட்டிக்கொண்டே, யாருமில்லை என்றார். காளிதாஸுக்குக் கொடுத்தீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"நான் வரலைன்னா, என் இடத்தை ஊருக்கே குடுத்துருவீங்களா?"

"யாரும் படுக்கலம்மா. நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"எப்ப?"

"எப்பவும்தான். ரெண்டையும் மாட்டிப்போட்டு என் பக்கத்துல படுத்துக்குவேன். இல்லாட்டி தூக்கம் வரல. விஜயன் கேலி பண்ணுவான் லா, கேட்டுக்குவேன்."

இவர் மலையேறினால் நிம்மதியாக, என் நினைப்பே இல்லாமல் இருப்பார் என்றுதான் எண்ணியிருந்தேன். என்னோடு வேலை செய்கிற தனலெட்சுமியிடம் அப்படிச் சொல்லிக் குறைகூடப் பட்டிருக்கிறேன். இவரோ யாரும் படுக்காத ஒரு பையைச் சுமந்து ஏறி, சுமந்து இறங்கியிருக்கிறார்.

"இப்ப தோள் தாங்கல, கஸ்தூரி" என்றார் மெதுவாக. "ஹம்மாக்ல ஒரு ஆளுதான் படுக்கலாம். அதான் ரெண்டையும் இப்படி வெட்டிட்டா, உன்னோடதும் கூட இருக்கும், கூடாரம் இல்லாம பாரமும் குறையும்னு பார்த்தேன்."

வலது தோளை அவர் தேய்த்துக்கொண்டதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாளும் தேய்த்திருப்பார். நான் வேலை முடிந்து வருகிற களைப்பில் யார் தோளைப் பார்த்தேன்? இரண்டு பேருமே ஓய்ந்துதான் போயிருந்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் பையின் ஜிப்பை மேல்வரை இழுத்துப் பூட்டி நாற்காலியில் வைத்தேன். அவருடைய பையை விரித்துக் காட்டினேன். ஒரு பைக்கே இரண்டு பக்கம் இருக்கிறது. நடுவில் வெட்டினால் ஒரு பாதி மேலே, ஒரு பாதி அடியில். வெட்டுவதற்கு முன் கோட்டின் இரண்டு பக்கமும் தையல் ஓட்டிவிட்டால் பஞ்சு சிந்தாது. அகலம் போதாது, வீடியோவில் இன்னும் அகலமாகச் சொல்கிறார்கள் என்றார். வீடியோ எடுத்தவன் உங்கள் ஒல்லி உடம்பைப் பார்த்ததில்லை என்றேன்.

"அப்ப உன்னோடது? சும்மா கெடந்து என்ன பண்ணப்போகுது?"

"என்னை இன்னொரு தடவை கேளுங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், கையில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெண் கேட்க வந்தவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"அடுத்த மாசம் லேடாங் போறோம். வர்றியா?"

"தரையில படுக்க முடியாது. எனக்கும் ஒரு ஹம்மாக் வாங்குங்க. அதுக்கப்புறம் என் பையையும் வெட்டிக்கலாம்."

"ஒரு முனையை மட்டும் ரெண்டுக்கும் ஒரே மரத்துல கட்டிரலாம்."

"மெதுவாத்தான் நடப்பேன். பின்னாடி வந்து அவசரப்படுத்தக் கூடாது."

"நானும் இப்ப மெதுவாத்தான் நடக்குறேன்" என்றார்.

எழுந்து போய் அவரே கோப்பி கலக்கினார். நான் பிளேடை எடுத்து, அவர் பக்கத்து ஜிப்பை மட்டும் பிரிக்க ஆரம்பித்தேன்.